பேய்க்கு எதற்குத் தாழ்ப்பாள்?

படகில் இருந்தவர்கள் நான்கு பேர். மாலுமி ஐந்து கோப்பைகளில் தேநீர் ஊற்றினார்.

நான்கு கோப்பைகள் ஆளுக்கு ஒன்றாகக் கைமாறின. ஐந்தாவதை அவரே எடுத்துக்கொண்டு, சாய்ந்து ஓடும் படகின் தளத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்து முன்முனைக்குப் போனார். அங்கே காற்றுக்கு விரிக்கும் உபரிப் பாய்களை அடைத்து வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. தளத்தோடு தளமாக அதற்கு ஒரு மர மூடி. மூடியின் மேல் கோப்பையை வைத்தார். உருண்டுவிடாமல் சுற்றிலும் கயிற்றை வளைத்துப் போட்டார். பிறகு மண்டியிட்டு, மூடியிடம் மெதுவாக ஏதோ பேசினார்.

"அண்ணி, சர்க்கரை போதுமான்னு கேக்கறாரு பாருங்க," என்றான் கடுகு. "உயிரோட இருக்கற என்னை ஒரு நாளாவது கேட்டாரா?"

"நீதான் கேக்காமலே அள்ளிப் போட்டுக்கறியே."

வாய் பதில் சொன்னதே தவிர, அண்ணியின் கண் மாலுமியின் முதுகை விட்டு நகரவில்லை.

கல்யாணத்துக்கு முன் துறைமுகத்தில் விபத்து விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கடுகு அவள் கணவனின் தம்பி. ஆள் சிறுத்தவன், வாய் சிறுக்காதவன். அவன் அண்ணி என்று கூப்பிடப்போக, ஊரே அண்ணி என்றது. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டுகூட அப்படித்தான் கூப்பிட்டார். கணவனுக்கோ வாளித் தண்ணீர் தளும்பினாலே தலை சுற்றும். அதனால் கடல் வேலை என்றால் துணைக்குக் கொழுந்தன்தான்.

கரை மறைந்து நாட்கள் ஆகியிருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நீலம், ஒரே வட்டம். காற்று வலப்பக்கத்திலிருந்து விடாமல் வீசியதால் படகு இடப்பக்கம் சாய்ந்தபடியே ஓடியது. கடுகு ஒருக்களித்து நடக்கவே பழகிவிட்டிருந்தான்.

படகின் பெயர் ஆலா. போன பருவத்தில் இதே ஆலாவில், இதே கடல் வழியில், இரண்டு பேர் புறப்பட்டார்கள். ஒருவர் இந்த மாலுமி. இன்னொருவன் பட்டறை முதலாளியின் தம்பி. ஆலாவை வரைந்து, இழைத்து, கட்டியவன். தீவுக்குப் போய்ச் சேர்ந்தது மாலுமி மட்டும். நடுக்கடலில் சூறை அடித்தது, தம்பி தவறி விழுந்துவிட்டான் என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் விபத்து என்று எழுதி மூடியிருப்பார்கள். மாலுமி நிறுத்தவில்லை. விழுந்தவன் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டான், தீவு வரைக்கும் கூடவே வந்தான் என்றார். தளத்தில் ஈரக் கால்தடம். வைத்த இடத்தில் ரொட்டி இல்லை. முன்முனையில் தட்டும் சத்தம். கடைசியில், தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகளின் இடுக்கில் படகு நுழைந்தபோது, செத்தவனே முன்முனையில் நின்று கை காட்டி வழி சொன்னான் என்று பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

முதலாளி அண்ணியின் வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பி ஆவியா அலையறான்னு ஊர் பேசுதும்மா. அன்னைக்கு முன்னாடி நின்னது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அதே படகில், அதே பருவத்தில், அதே ஆளோடு போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் அண்ணி. போனார்கள்.

இப்போது சுக்கானைப் பிடித்திருந்தவர் முதலாளி. மாலுமி முன்முனையில் குனிந்திருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "மனசு சரியில்லாமத்தான் அன்னைக்கு என் தம்பி கிளம்பினான். எங்க பட்டறையில கட்டின உல்லாசப் படகு ஒண்ணு கவுந்து, குடும்பம் குடும்பமாப் போயிட்டாங்க. விசாரணைக் கமிஷன்ல இவன் சாட்சி சொல்லணும். அந்தக் கவலையே அவனை அரிச்சுது."

மாலுமி திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மாலுமி அண்ணே, அன்னைக்கு ரொட்டி காணாமப் போச்சுன்னீங்களே," என்றாள் அண்ணி. "எந்த ரொட்டி?"

"காகிதப் பொட்டலத்துல இருந்தது. டின்னுல நல்ல வெண்ணெய் ரொட்டி இருந்துச்சு. அதை அவன் தொடவே இல்லம்மா."

"ருசி தெரியாத பேயா இருக்கும்," என்றான் கடுகு.

அப்போது அது கேட்டது.

டொக். டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு, டொக்.

முன்முனையிலிருந்து வந்தது. முதலாளியின் தேநீர் மடியில் சிந்தியது. கடுகு அண்ணியின் முந்தானைக்குப் பின்னால் போயிருந்தான். எப்போது போனான் என்று அவனுக்கே தெரியாது.

மாலுமி மட்டும் தலையசைத்தார். "குடிச்சுட்டான்."

*

மறுநாள் வெயில் ஏறியபோது மாலுமி கீழறையில் படுத்துத் தூங்கினார். பின்னால் முதலாளி சுக்கானில் இருந்தார். நடுவே விரிந்த பெரிய பாய் திரைபோல மறைத்தது. அண்ணி கடுகைக் கண்ணால் கூப்பிட்டு முன்முனைக்குப் போனாள்.

"அதைத் தொறக்கக் கூடாது, அது அவன் இடம்னு மாலுமி சொல்லியிருக்காரே?"

"அதனாலதான் தொறக்கணும். அப்ப இருந்து யாருமே உள்ளே கை வைக்கல."

மூடியைத் தூக்கினாள். பூஞ்சை வாசம் முகத்தில் அடித்தது. இருட்டில் வெளுத்த ஏதோ ஒன்று அசைந்தது. கடுகு கத்துவதற்கு வாயைத் திறந்தான். அண்ணி அதில் கையை வைத்து அடைத்தாள்.

"கப்பிடா. கயிறு ஓடற மரக் கப்பி. பழைய பாய்த் துணியில சுத்தித் தொங்கவிட்டிருக்கு. சாயங்காலம் அலை திசை மாறினா ஆடி ஆடிச் சுவத்துல முட்டுது." அதைக் கழற்றித் தரையில் வைத்தாள். "உன் பேயோட விரல் இதுதான்."

"அவ்வளவுதானா? அப்ப கேஸ் முடிஞ்சுது. மாலுமிக்கு வெயில்ல மூளை காய்ஞ்சு போச்சு. எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

அண்ணி ஏற்கெனவே கால்களை உள்ளே விட்டு இறங்கியிருந்தாள். ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார முடியாத இடம். பாய்ச் சுருள்கள் இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்டு, நடுவில் ஒருவர் முடங்கிப் படுக்கிற அளவுக்குக் குழிந்திருந்தது. அவள் அதில் படுத்துப் பார்த்தாள். காதுக்கு நேர்மேலே மூடி. மாலுமி தினமும் மண்டியிடும் இடம்.

"அண்ணி, அங்கெல்லாம் படுக்காதீங்க. அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இதைப் பாரு."

மூடியின் உட்புறக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அதன் இன்னொரு நுனி சுருக்காக முடியப்பட்டிருந்தது. தரையில் ஒரு இரும்பு வளையம். சுருக்கை வளையத்தில் மாட்டினால் மேலிருந்து எவ்வளவு இழுத்தாலும் மூடி திறக்காது. வளையத்தில் உரசி உரசிக் கயிறு நைந்திருந்தது.

"உள்பக்கமாப் பூட்டு," என்றான் கடுகு.

"பேய்க்கு எதுக்குடா தாழ்ப்பாள்?"

கடுகு குனிந்து அந்த நைந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். 

"சமையல் மேடையில அந்த டின் இருக்கு பாரு," என்றாள் அண்ணி வெளியே ஏறி. "போய் ஒரு வெண்ணெய் ரொட்டி எடுத்துட்டு வா. யாரையும் எழுப்பாம."

கடுகு பூனைபோல் கீழே இறங்கினான். உப்புக் காற்றில் துருவேறிய டின். மூடியை மெல்ல நெம்பினான். கழுத்து நெரிபட்ட கோழிபோல் அது கத்தியது. தூங்கிக்கொண்டிருந்த மாலுமி, "யாரது!" என்று அலறி எழுந்து உட்கார்ந்தார்.

"பசிண்ணே," என்று இளித்துவிட்டுக் கடுகு மேலே ஓடி வந்தான்.

"இப்பப் புரியுதா? ருசி தெரியாத பேய் இல்ல. சத்தம் வராத ரொட்டியை மட்டும் எடுத்திருக்கு. நாம எல்லாரும் தலைகீழாப் பார்த்துட்டோம்டா. மாலுமி பேய்க்குப் பயப்படல. பேய்தான் மாலுமிக்குப் பயந்திருக்கு."

கடுகின் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

"ஒருத்தன் கடல்ல விழறான். எப்படியோ மறுபடி படகுல ஏறிட்டான்னு வை. முதல் காரியமா என்ன பண்ணுவான்?"

"மாலுமி அண்ணே, துவட்டிக்கத் துண்டு குடுங்கன்னு கேப்பான்."

"இவன் கேக்கல. ஒளிஞ்சுகிட்டான். மூடியை உள்பக்கமாக் கட்டிகிட்டுப் படுத்துட்டான். ஏன்?"

"ஏன்னா..." கடுகு பின்பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஏன்னா அவன் விழல. தள்ளி விட்டிருக்காங்க."

காற்று மோதிப் பாய் படபடத்தது. இத்தனை பெரிய கடலில், ஓடுவதற்கு இடமே இல்லாத இந்த மரத்துண்டில், கொலைக்குத் துணிந்த ஒருவரின் கையால்தான் தினமும் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறோம் என்பது கடுகுக்கு உறைத்தது.

"முதலாளிகிட்ட சொல்லிடலாம் அண்ணி. பாவம் மனுஷன். தம்பி உயிரோட கரை சேர்ந்தான்னு தெரிஞ்சா..."

"கரைக்குப் போனதும் முதல் வேலை அதுதான். இங்க சொன்னா ஆத்திரத்துல பாய்ஞ்சுடுவாரு. ஆழக்கடல்ல வழி தெரிஞ்ச ஆள் மாலுமி ஒருத்தர்தான். அதுவரைக்கும் உன் வாய்க்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்க."

அன்று சாயங்காலமும் ஐந்தாவது கோப்பை முன்முனைக்குப் போனது. தட்டல் கேட்கவில்லை. மாலுமி நெடுநேரம் காத்திருந்தார். மூடியைத் தடவிக் கொடுத்தார். இருட்டத் தொடங்கியதும் எழுந்து வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எம்மேல கோவம் போல. இன்னைக்குப் பேசவே மாட்டேங்கறான்."



*

தீவு முதலில் ஒரு மேகம்போல் தெரிந்தது. பிறகு மேகத்துக்கு அடியில் ஒரு பச்சைக் கோடு. பிற்பகல் வெயில் சரியும்போது வெள்ளை நுரை வளையம் ஒன்று தீவைச் சுற்றி இரைவது கேட்டது. பவளப்பாறைகள். அந்த வளையத்தில் ஒரே ஒரு இடுக்கு; அதற்குள் நுழைந்தால் உள்ளே குளம்போல் அமைதியான துறை.

"அன்னைக்கும் இதே வெயில்தானா?" என்று கேட்டாள் அண்ணி.

"இதே வெயில்தான்," என்றார் மாலுமி. சுக்கான் அவர் கையில் இருந்தது.

சூரியன் நேர் எதிரே இருந்தது. அண்ணி சுக்கானருகே நின்று பார்த்தாள். முன்னால் தண்ணீர் இல்லை; உருக்கிய வெள்ளித் தகடு ஒன்றுதான் கிடந்தது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கடுகை முன்முனைக்கு அனுப்பினாள். அங்கிருந்து நேர்கீழே பார்த்தால் அடி தெரிந்தது. கருநீலம் ஆழம், பழுப்பு பாறை.

"அண்ணே! இடது!" அவன் கையை வீசினான். "இன்னும்! இப்ப நேரா! ஐயோ, வலது, வலது!"

கடுகின் கையை மட்டும் பார்த்து மாலுமி சுக்கானைத் திருப்பினார். இரண்டு பக்கமும் நுரை சீறியது. பக்கத்தில் ஒரு பாறை யானை முதுகுபோல் எழும்பி மறைந்தது. அடியில் எங்கோ லேசாக உரசியது. பிறகு சட்டென்று இரைச்சல் பின்னால் போய்விட்டது. படகு நிமிர்ந்தது. கண்ணாடிபோன்ற தண்ணீர், கரையில் அலையாத்தி மரங்கள், சில கூரைகள், தண்ணீருக்குள் நீண்ட ஒரு மரப்பாலம்.

நங்கூரம் சங்கிலியோடு கடகடவென்று இறங்கியது.  மாலுமி கடுகின் அருகே போய், அவன் நின்ற இடத்தைத் தொட்டார்.

"இங்கதான் நின்னான். இதே மாதிரிக் கை காட்டினான். நான் கும்பிட்டேன். அவன் திரும்பவே இல்ல. நங்கூரம் போட்டுட்டு நிமிர்ந்து பார்த்தா, இடம் காலியா இருந்துச்சு."

சுக்கான் பிடித்தவருக்குக் கண் தெரியாத அந்த வழியில், தனி ஆளாக எவனும் படகை உள்ளே கொண்டுவர முடியாது. அண்ணிக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

முதலாளி பின்பக்கம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அண்ணி போய் எதிரே உட்கார்ந்தாள். நல்ல செய்தி சொல்லப்போகிறோம் என்ற நடுக்கம் அவளுக்கே இருந்தது.

"மனசைத் தைரியமா வெச்சுக்குங்க. அன்னைக்கு நின்னது ஆவி இல்ல. ரத்தமும் சதையுமா உங்க தம்பிதான். உயிரோட இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்திருக்காரு."

முதலாளியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. துறையில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அவர் மெல்லக் கேட்டார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"



செத்துப்போன தம்பி பிழைத்திருக்கிறான் என்றால் ஒரு அண்ணன் என்ன கேட்பான்? எங்கே என்பான். எப்படி இருக்கான் என்பான். ஒன்றும் கேட்கத் தோன்றாமல் ஓ என்று அழுவான். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்பவனுக்கு அந்த உயிர் ஒரு சேதி இல்லை, ஒரு சிக்கல். விசாரணைக் கமிஷனில் வாய் திறக்க இருந்த சிக்கல்.

அந்த ஒரு நொடியில் எல்லாம் இடம் மாறி விழுந்தன. கண்ணீரோடு வந்து தன்னை அமர்த்தியவர், தம்பியின் சாவுக்கு விளக்கம் தேடவில்லை. மாலுமி உளறியதைக் கேட்டதுமே, ஆவி கை காட்டாது, ஆள்தான் காட்டுவான் என்று இவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே என்று மட்டும் தெரியவேண்டும். அதை நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேனே!

"யார்கிட்டயும் இல்ல," என்றாள் சிரித்தபடி. "சொல்றதுக்கு ஆதாரமே இல்லையே. இது என் ஊகம்தான். கரையில விசாரிச்சா பொய்யாவும் போகலாம். அதான் உங்க மனசு தாங்குமான்னு பார்த்தேன்."

"நானும் வரேன்." அவர் எழுந்தார்.

கடுகு அதற்குள் சின்னத் துடுப்புப் படகில் குதித்து நடுவில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். அண்ணியின் சிரிப்பை அவனுக்குத் தெரியும். ஆபத்தான நேரத்தில்தான் அவள் அப்படிச் சிரிப்பாள். "ரெண்டு பேருக்கு மேல ஏறினா இது நம்மளைத் தூக்காது முதலாளி, நாமதான் இதைத் தூக்கணும்! நீங்க இருங்க, அண்ணியை விட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

துடுப்பு விழுந்தது. குரல் எட்டாத தூரம் வந்ததும் அண்ணி முதலாளியைப் பற்றிச் சொன்னாள். கடுகு துடுப்பை நிறுத்திவிட்டான்.

"அப்ப நாம இவ்வளவு நாள்..."

"வேட்டைநாய். எதைத் தேடறோம்னு நாய்க்குச் சொல்லுவாங்க. எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க."

"நீங்க நாயின்னா, நான்?"

"வால். ஆட்டாம வேகமாத் துடுப்பைப் போடு."

*

புதுப் பாய்மரம் வந்தால் சின்னத் தீவில் அது பெரிய விசேஷம். பாலத்தில் கூட்டம் கூடியிருந்தது. தண்ணீர் விற்கும் பெண் குடத்தை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அக்கா, ஊரே இங்க இருக்கு போல. வராதவங்க யாராவது உண்டா?"

அவள் சிரித்தாள். "எங்க படகு மேஸ்திரி ஒருத்தர்தான் வரல. வெளியூர் ஆளு. படகுன்னா உயிரு. ஆனா உங்க பாய்மரம் தெரிஞ்சதும் இழைச்சுகிட்டிருந்ததைப் போட்டுட்டு உள்ளே போயிட்டாரு. மேலுக்கு முடியலையோ என்னமோ."

"கடுகு, துறைமுக அதிகாரியைத் தேடிக் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு அண்ணி ஓடினாள்.

கொட்டகையில் மரத்தூள் வாசம். பாதி இழைத்த பலகையின் மேல் இழைப்புளி, சுருள் இன்னும் வாயில் தொங்க, அப்படியே கிடந்தது. மூலையில் ஒரு படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அடியில் மூச்சுச் சத்தம்.

அண்ணி தரையில் உட்கார்ந்தாள். "என்னை அனுப்பினது உங்க அண்ணன். ஆனா அவருக்காக நான் இங்க வரல."

படகின் விளிம்பு லேசாக அசைந்தது.

"வெண்ணெய் ரொட்டி டின்னை நீங்க தொடவே இல்ல. நாங்க தொட்டோம். மாலுமி அலறி எழுந்துட்டாரு."

படகுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விம்மலா என்று தெரியவில்லை. பிறகு அவன் ஊர்ந்து வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கைகளில் காய்ப்பு.

"சூறையில பாய் எல்லாம் சுருட்டிட்டோம்," என்றான். "படகு நின்ன மாதிரிதான் இருந்துச்சு. மாலுமி பின்னாடி வந்து நின்னாரு. என்னண்ணேன்னு திரும்பறதுக்குள்ள தண்ணியில இருந்தேன். படகுக்குப் பின்னாடி நீளமா ஒரு கயிறு மிதக்க விட்டிருந்தோம். அது கையில மாட்டுச்சு. அவரு திரும்பிப் பார்க்கவே இல்ல. கீழறைக்குப் போய்க் கதவைச் சாத்திட்டாரு. நான் ஏறி முன்னாடி போய் ஒளிஞ்சேன். கரை தெரிஞ்சதும் தப்பிச்சு, நேரா அண்ணன்கிட்ட போய் அழணும்னு இருந்தேன்."

அவன் இழைப்புளியை எடுத்து, வாயில் தொங்கிய சுருளைக் கிள்ளி எறிந்தான்.

"அப்புறம்தான் அவரு டீ கொண்டுவந்து மூடி மேல வெச்சாரு. தினமும் வருவாரு. நான் கீழே, அவரு மேல, நடுவுல ஒரு பலகை. என்னைக் கும்பிட்டு அழுவாரு. மன்னிச்சுடு தம்பி, உங்க அண்ணன் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லுவாரு. அந்தப் பேரைக் கேக்கக் கூடாதுன்னு காதைப் பொத்திக்குவேன். மறுநாளும் அதையே சொல்லுவாரு."

வெளியே கூட்டத்தின் சத்தம் கேட்டது. 

"பாறை வந்தப்ப நீங்க எழுந்து நின்னு வழி காட்டினீங்களே?"

"மோதட்டும்னுதான் நினைச்சேன். நானும் சேர்ந்து சாவேன், அது பரவாயில்ல. ஆனா ஆலா என் கையால இழைச்ச படகும்மா. அது உடையற சத்தத்தை என்னால கேக்க முடியாது." அவன் கண்ணைத் துடைத்தான். "அவரு பின்னாடி நங்கூரம் போடறப்ப முன்பக்கமா இறங்கி, நீந்தி, மரங்களுக்குள்ள போயிட்டேன். அவரு படகைத் திருப்பி எடுத்துட்டுப் போன பிறகுதான் ஊருக்குள்ள வந்தேன். செத்தவனா இருக்கறது சுலபமா இருந்துச்சு."

"கவுந்த படகுல செத்தவங்களுக்கு அது சுலபமா இல்லையே."

அவன் நெடுநேரம் அந்தப் பாதி இழைத்த பலகையைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டான்.

*

முதலாளி காத்திருக்கவில்லை. மீனவர் ஒருவரின் தோணியைக் கூப்பிட்டு, மாலுமியையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டிருந்தார். கடுகு அழைத்துவந்த அதிகாரி தொப்பியைச் சரிசெய்தபடி, "என்ன விஷயம்? பேப்பர் எல்லாம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் விலகியது. பாலத்தின் அந்த முனையில் தம்பி நடந்து வந்தான்.

முதலாளி ஒரு அடி பின்வாங்கினார். இன்னொரு அடி. பாலம் முடிகிற இடத்தில் அவர் குதிகால் நின்றது.

"அண்ணா," என்றான் தம்பி. 

"இவன் யாரு? எனக்குத் தெரியாது," என்றார் முதலாளி. குரல் பிசிறியது. "என் தம்பி செத்துட்டான். மாலுமி, சொல்லுங்க! நீங்கதானே பார்த்தீங்க!"

மாலுமி எதையும் கேட்கவில்லை. தூக்கத்தில் நடப்பவர்போல முன்னே போனார். விரலை நீட்டித் தம்பியின் கையைத் தொட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டுப் பற்றிக்கொண்டார்.

"சூடா இருக்கு," என்றார். "சூடா இருக்கே தம்பி. கை சூடா இருக்கே!"

அதே மூச்சில் அதிகாரியிடம் திரும்பினார். "ஐயா, நான்தான் இவனைக் கடல்ல தள்ளினேன். தள்ளச் சொன்னது இதோ இவரு. கவுந்த படகை ஓட்டினவன் நான். தம்பி கமிஷன்ல வாயைத் தொறந்தா பழி முழுக்க உன் தலையிலதான் விழும், உன் குடும்பம் தெருவுக்கு வரும்னு சொன்னாரு. பயந்துட்டேன். எழுதிக்குங்க. எல்லாத்தையும் சொல்றேன்."

"பைத்தியம்! வெயில்ல உளறுது!" முதலாளி தோணிப் பக்கம் திரும்பினார். அங்கே கடுகு காலை அகட்டி உட்கார்ந்திருந்தான்.

"இதுவும் ரெண்டு பேருக்கு மேல தாங்காது முதலாளி," என்றான்.

அதிகாரி முதலாளியின் தோளில் கையை வைத்தார்.

தம்பி அதைப் பார்க்கவில்லை. மாலுமியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கமிஷன்ல என்ன சொல்ல இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? படகு கவுந்தது கவுறாம இருக்க அடியில பாரமா வைக்க வேண்டிய ஈயத்தை அண்ணன் குறைச்சதால. நான் வரைஞ்ச அளவுல அது இல்ல. அப்படி ஒரு படகை எவன் ஓட்டியிருந்தாலும் கவுந்திருக்கும். ஓட்டினவர் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு சொல்லத்தான் நான் போக இருந்தேன்."

மாலுமிக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.  புரிந்ததும் பாலத்துப் பலகையில் அப்படியே உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாண்ணே?"

 வெகுதூரத்தில் பாறைகளின் மேல் கடல் இரைந்துகொண்டிருந்தது. மாலுமி தம்பியின் கையை இன்னும் பற்றியிருந்தார். தம்பி அதை விலக்கிக்கொள்ளவும் இல்லை. திரும்பப் பற்றிக்கொள்ளவும் இல்லை.